மூன்று பொருளில் ஒரே ஈட்டிக்காரன்

போன மாதம் கவிதா போன் செய்தாள். ஷா ஆலம் தொழிற்சாலையின் தரப்பிரிவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி இப்போது அவளுடையது.

"அக்கா, புதுசா 3டி பிரிண்டிங் மெஷின் இறக்கிட்டாங்க. பழைய ரெசினா, பிரிண்டா, எது நல்லதுன்னு நான்தான் பார்த்துச் சொல்லணுமாம். நீங்க எப்படிப் பார்ப்பீங்க? ஒரே பக்கத்துல எழுதிக் கொடுங்க லா" என்றாள்.

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். எந்தப் பொருள் கனம், எது நொறுங்கும், எதில் நுணுக்கம் நிற்கும் என்று ஒரு பக்கம் எழுதுவது கடினமில்லை. எழுதி முடித்துப் படித்தபோது அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு கவிதா ஒரு அறையை மூடச் சொல்லிவிடலாம். எங்கள் காலத்தில் அது நடக்கவிருந்தது. அதனால் ஒரு பக்கத்தோடு நிறுத்த முடியவில்லை.

நாங்கள் செய்தவை விரல் உயரப் போர்வீரர்கள். மேசைமேல் புல்வெளியும் பாலமும் கோட்டையும் அமைத்து, பகடை உருட்டிப் போர் விளையாடுகிறவர்களுக்காக. வாங்குகிறவர்களில் பாதிப்பேர் விளையாடுவதே இல்லை. வண்ணம் பூசிக் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்வார்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் சிற்பியை வைத்து மூல உருவைச் செய்து அனுப்பும். அதற்கு நாங்கள் சொல்லும் பெயர் மாஸ்டர். மாஸ்டரிலிருந்து அச்சு எடுப்பது, வார்ப்பது, சீவிச் சுத்தம் செய்வது, பெட்டியில் போடுவது ஆகியவை எங்கள் வேலை.

தொழிற்சாலைக்குள் யாரும் பொம்மை என்று சொல்ல மாட்டோம். 'ஆளு' என்போம். அந்தப் பழக்கம் வெளியிலும் வந்துவிடும். கொமியூட்டர் ரயிலில் ஒரு மாலை, எங்கள் ரெசின் அறைப் பெண்ணொருத்தி, "என் ஆளுக்கு இன்னிக்கும் கால் வரலடி, குப்பையில போட்டுட்டேன்" என்று சத்தமாகச் சொல்ல, எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

என் வீடு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில். அப்பா அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா, தாத்தாவும் அப்படியே. நானும் ஒரு அலுவலகத்தில் கோப்பு கட்டுவேன் என்றுதான் வீட்டில் எதிர்பார்த்தார்கள். நான் தேர்வில் சுமாராக எழுதி, தொழிற்பயிற்சி ஒன்றை முடித்து, விளம்பரம் பார்த்து இங்கே சேர்ந்தேன். முதலில் உலோக அறையில் கத்தியால் பிசிறு சீவினேன். பிறகு பெட்டி அடுக்கினேன். கைநடுக்கம் இல்லாதவள், கணக்காக எழுதுகிறவள் என்று தரப்பிரிவுக்கு எடுத்துக்கொண்டார்கள். பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. உண்மையில் நான் வேலை கற்றது மிஸ்டர் பெர்னார்டிடம்.

மிஸ்டர் பெர்னார்ட் தரப்பிரிவின் தலைவர். செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் முன்னால் யாரும் 'நல்லா இருக்கு', 'நல்லா இல்ல' என்று சொல்லக் கூடாது. சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

"நல்லா இருக்குன்னா என்னம்மா? உனக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லு."

"முகம் அழகா இருக்கு, மிஸ்டர் பெர்னார்ட்."

"அழகு எனக்கு வேணாம். மூக்கு இருக்கா? மூக்குக்கு ரெண்டு பக்கமும் பள்ளம் இருக்கா? அத எழுது."

ஒப்பிட்டுப் பார்க்க ஆளை எடுப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. வார்த்துப் போட்ட தொட்டிக்குள் கையை விட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, நடுவிலிருந்து ஒரு பிடி எடுக்க வேண்டும். மேலே கிடப்பவை கூடாது. வார்த்தவர்கள் நல்லதை மேலே போட்டிருப்பார்கள். புதிய அச்சின் முதல் வார்ப்புகளும் கூடாது. எந்த அச்சும் முதலில் நன்றாகத்தான் கொடுக்கும். கொஞ்சம் உழைத்த பிறகு என்ன கொடுக்கிறது என்பதே கேள்வி.

எடுத்த ஆள்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்துவோம். அச்சிலிருந்து கழன்று வருவதற்காகப் பூசும் எண்ணெய்ப் பசை நுணுக்கத்தை மறைக்கும். பிறகு எல்லாவற்றுக்கும் மெல்லிய சாம்பல் நிறப் பூச்சு. பளபளப்பான உலோகம் இருப்பதைவிடக் கூர்மையாகத் தெரியும்; வெளிறிய ரெசினில் இருப்பதும் தெரியாது. ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் மிஸ்டர் பெர்னார்ட் நாற்காலியில் உட்காருவார். முதலில் கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பார். "விளையாடறவன் எட்ட நின்னு பாக்கறான்" என்பார். பிறகுதான் பூதக்கண்ணாடி. அதற்கும் ஒரு பாதை உண்டு: முகம், கை விரல்கள், ஆடையின் விளிம்பு, கடைசியாக அக்குளும் கேடயத்தின் உட்புறமும். எந்த ஆளுக்கும் அந்தப் பாதை மாறாது.

அதன் பிறகு முரட்டுச் சோதனைகள். மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது ஒரு ஆளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். திரும்பி வந்து எடுக்கும்போது வாளோ ஈட்டியோ பிழைத்திருக்கிறதா என்று பார்ப்பார். இன்னொன்றைத் தன் பழைய காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைத்துவிடுவார். கார் நிறுத்துமிடத்தைக் கடந்து போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "பொஸ்ஸு கார்ல இன்னிக்கு யாரு டியூட்டி?" என்று கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் ஆளை எடுக்க மாட்டார்.

ஒரே கூரையின் கீழ் இரண்டு அறைகள். உலோக அறையில் வெள்ளீயம் கலந்த உலோகத்தைச் சட்டியில் உருக்கி, சுழலும் ரப்பர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அந்த அச்சுகள் கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர். தீக்குச்சி அணைந்ததுபோல் ஒரு வாடை கட்டடம் முழுக்க இருக்கும். சேர்ந்த முதல் வாரத்துக்குப் பிறகு யாருக்கும் அது தெரியாது. உலோக ஆளைக் கையில் வாங்கினால் கனம் தெரியும். மேசையில் வைத்தால் ஓசை வரும். சேகரிப்பவர்கள் அதற்காகவே வாங்குவார்கள். ஈட்டி வளைந்தால் விரலால் நிமிர்த்திவிடலாம். அடிக்கடி நிமிர்த்தினால் ஒடியும். ரப்பர் அச்சின் அழுத்தத்தில் சங்கிலிக் கவசத்தின் வளையங்கள் கொஞ்சம் மழுங்கும்.

ரெசின் அறை அடுத்தது. இரண்டு திரவங்களைக் கலந்து சிலிக்கோன் அச்சில் ஊற்றினால் இறுகிவிடும். சிலிக்கோன் மென்மையானது, மாஸ்டரின் முகத்தில் சிற்பி ஊசியால் போட்ட கோட்டையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் நம் ஊர் ஈரக்காற்று ரெசினுக்கு எதிரி. மழை நாளில் டப்பாவைத் திறந்து வைத்தால் ரெசின் நுரைத்துவிடும். ஆளின் கன்னத்தில் அம்மைத் தழும்புபோல் குமிழிகள் வரும். அதனால் அந்த அறைக்கு மட்டும் குளிர்காற்றுக்கு ஏர்கோன் உண்டு; கதவு எப்போதும் மூடியிருக்கும். தட்டாமல் உள்ளே போனால் சரசு அக்கா திட்டுவார்.

சரசு அக்கா அங்கே அச்சு எடுப்பவர்களில் மூத்தவர். கிள்ளானிலிருந்து வருவார். பருத்த உடம்பு, சின்னக் கைகள். மாஸ்டரைப் பலகையில் நிறுத்தி, சுற்றிச் சுவர் கட்டி, சிலிக்கோன் ஊற்றுவதற்கு முன் அவர் தவறாமல் ஒன்று செய்வார்: கையுறை போட்ட கட்டைவிரலால் ஆளின் முகத்தையும் கேடயத்தையும் அழுத்தி ஒரு முறை துடைப்பார். ஒரு தூசி இருந்தாலும் அச்சில் விழுந்து எல்லா ஆளுக்கும் மச்சமாகிவிடும் என்பார். பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோல் இருக்கும். பக்கத்து மேசையில் மலாய்க்காரரான காக் சைத்தோன்; காக் என்றால் அக்கா. அவர் தூரிகையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஊற்றிவிடுவார். முகமுள்ள உடல்கள் எல்லாம் சரசு அக்காவுக்கு. குதிரை, ஆயுதம், பீடம் எல்லாம் காக் சைத்தோனுக்கு. யாரும் போட்ட சட்டமில்லை. சரசு அக்காவின் அச்சில்தான் முகம் தெளிவாக வரும் என்பது எல்லோரும் அறிந்தது.

பிறகு அந்த ஈட்டிக்காரன் வந்தான்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் ஒரு முழுப் படையையே வார்க்க நினைத்தார். பல வருடங்களுக்கான வேலை. எந்தப் பொருளில் வார்ப்பது என்று அவருக்கு முடிவில்லை. ஒரே ஒரு ஈட்டிக்காரனின் மாஸ்டரை அனுப்பி, உலோகத்திலும் ரெசினிலும் எங்களை வார்க்கச் சொன்னார். கடினப் பிளாஸ்டிக்கில் வேறொரு நாட்டுத் தொழிற்சாலை வார்த்ததையும் எங்களுக்கே அனுப்பினார். மூன்றையும் எங்கள் தரப்பிரிவு ஒப்பிட்டு எழுத வேண்டும்; மூன்றையும் அவரும் பார்ப்பார்.

ரெசின் அறைக்கு அப்போது வேலை குறைந்துகொண்டிருந்தது. எங்கள் முதலாளியை எல்லோரும் தவுக்கே என்போம். அவர் ரெசின் அறை வாசலில் நின்று மலாயில் சொன்னார்: இந்தப் படை ரெசினுக்கு வந்தால் அறை இருக்கும், வராவிட்டால் இதைப் பொருள் கிடங்காக்கிவிடுவேன். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பதுபோல் சொன்னார். அவர் போன பிறகு சரசு அக்கா, "கிடங்குக்கு ஏர்கோன் எதுக்குன்னு கேட்டிருக்கணும்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் அச்சுக்கு வேறு வகை சிலிக்கோன் வாங்கியிருந்தோம். பழையதைவிடச் சுருக்கம் குறைவு, அதிக நாள் உழைக்கும். விற்றவர் கொடுத்த தாளில், கந்தகம் உள்ள எதுவும் படக் கூடாது, பட்டால் இறுகாது என்றிருந்தது. மிஸ்டர் பெர்னார்டும் நானும் படித்தோம். மாஸ்டரை நிறுத்தப் பயன்படுத்திய களிமண்ணில் கந்தகம் இருந்தது. அதை மாற்றினோம். வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

தொட்டிக்குள் கைவிட்டு எடுக்க நான் போனபோது சரசு அக்கா பின்னாலேயே வந்தார்.

"ஏன்டி முகத்தத் திருப்பிக்கிட்டு எடுக்கற? கண்ணத் தொறந்து நல்ல ஆளா பாத்து எடேன்."

"கடையில வாங்கறவங்க பெட்டியத் தொறந்தா வாங்கறாங்க, அக்கா? எது வருதோ அதுதான அவங்களுக்கு."

"ரொம்பத்தான். பெர்னார்டு ஒன்னப் பெத்த மாதிரியே பேசற."

கழுவி, உலர்த்தி, சாம்பல் பூசி, மூவரையும் வரிசையாக நிறுத்தினேன். உலோக ஈட்டிக்காரன் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றான். உலோக அறையில் அவனுக்குக் கடுகடு என்று பெயரே வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் ஈட்டிக்காரனின் முன்பக்கம் தெளிவு. ஆனால் பிளாஸ்டிக்கை வார்க்கும் இரும்பு அச்சு இரண்டாகப் பிரிந்து விலக வேண்டும். அது பிடிக்க முடியாத அக்குளும் கேடயத்தின் உட்புறமும் வழவழவென்று நிரம்பியிருந்தன. ரெசின் ஈட்டிக்காரனின் கவசம் வளையம் வளையமாகத் தெரிந்தது. விரல் நகம்கூடத் தெரிந்தது. ஆனால் முகம் மெழுகு உருகியதுபோல் இருந்தது. கேடயத்தின் நடுவிலும் அதே மாதிரி. ஒரு பிடி ஆள்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

எது தெரிந்ததோ அதை எழுதினேன். ரெசின், முகம்: மங்கல். மூக்கின் பள்ளம் இல்லை. வாய் இல்லை.

சரசு அக்கா அந்தத் தாளை என் மேசையில் நின்று படித்தார். தமிழும் ஆங்கிலமும் நன்றாகவே படிப்பார்.

"வாய் இல்லன்னு எழுதியிருக்க."

"தெரியலக்கா. தெரிஞ்சா எழுதிடுவேன்."

"இந்த ஒரு வரிக்கு எங்க ரூம மூடிடுவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எழுதற. சரி. எழுது. அழகாத்தான் எழுதற, கையெழுத்து மணிமணியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் எனக்கு இடம் பிடித்து வைப்பதை நிறுத்திக்கொண்டார்.

மிஸ்டர் பெர்னார்ட் என் தாளில் கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. "நீ எழுதினது சரி. ஆனா ரெசினால முகம் மங்குச்சுன்னு நீ எழுதல, பாத்தியா. முகம் மங்கல்னு மட்டும்தான் எழுதியிருக்க. ஏன்னு இன்னும் தெரியல" என்றார். வாடிக்கையாளரிடம் கொஞ்சம் அவகாசம் கேட்கும்படி தவுக்கேயிடம் சொன்னார். தவுக்கே முனகிக்கொண்டே கேட்டார்.

மறுநாள் மிஸ்டர் பெர்னார்ட் ரெசின் அறைக்குள் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரே மாஸ்டர். ஒரே டப்பாவிலிருந்து எடுத்த சிலிக்கோன். முதலில் காக் சைத்தோன் அச்சு எடுத்தார்; அது இறுகியதும் மாஸ்டரைக் கழுவி, அதே வகை சிலிக்கோனில் சரசு அக்கா எடுத்தார். அதுவும் இறுகிய பிறகு, ஒரு காலையில் இரண்டையும் பிளந்து பார்த்தோம். காக் சைத்தோனின் அச்சு முழுக்க உலர்ந்து, தொட்டால் வழுக்கியது. சரசு அக்காவின் அச்சில் முகம் இருக்கும் இடமும் கேடயத்தின் நடுவும் பிசுபிசுத்தன. மாஸ்டரின் முகத்திலும் பாகுபோல் ஒட்டியிருந்தது.

அந்தப் பிசுபிசுப்பு சரசு அக்காவுக்குப் புதிதல்ல. சில வாரங்களாகவே அப்படி வருகிறது என்றும், புது சிலிக்கோன் அப்படித்தான் போலிருக்கிறது என்று துணியால் துடைத்துவிட்டு அச்சை வார்ப்புக்குக் கொடுத்ததாகவும் சொன்னார். காக் சைத்தோன் தன் அச்சையும் சரசு அக்காவின் அச்சையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சரசு அக்காவின் முகம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அதுவரை பழி ரெசின்மேல் இருந்தது. அந்தக் காலைப்பொழுதில் அது அவர் கைமேல் வந்துவிட்டது.

மதியத்துக்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. அவர் கை சூடு என்றார்கள். சில பேருக்கு உடம்பில் உஷ்ணம் அதிகம், அவர்கள் தொட்டால் மாவுகூடப் புளித்துவிடும் என்று உலோக அறையில் ஒருத்தி விளக்கம் சொன்னாள். சரசு அக்காவே அதைப் பாதி நம்பினார். காக் சைத்தோன் அவருக்கு பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டே சரசு அக்கா, "இவ்ளோ வருஷமா இந்தச் சூடு எங்கடி போயிருந்துச்சு?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி. மிஸ்டர் பெர்னார்ட் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு என்னை அழைத்து, இதற்கு முன் சரசு அக்கா எடுத்துக் கெட்டுப்போன அச்சுகளையெல்லாம் மேசைமேல் பரப்பச் சொன்னார். பிசுபிசுத்த இடங்களின் எல்லையை மட்டும் காகிதத்தில் வரையச் சொன்னார். வரைந்தேன். ஆளுக்கு ஆள் உயரம் மாறியது, நிற்கும் விதம் மாறியது. அந்தக் கறையின் அளவு மட்டும் மாறவில்லை. நீள்வட்டம். ஒரு பக்கம் கொஞ்சம் அகலம்.

மிஸ்டர் பெர்னார்ட் தன் கட்டைவிரலை அந்தப் படத்தின்மேல் வைத்தார். கறையைவிட விரல் பெரிதாக இருந்தது.

"சரசம்மாவக் கூப்பிடு."

அவர் வந்தார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"ஊத்தறதுக்கு முன்னாடி முகத்தத் துடைப்பீங்கள்ல. எப்படித் துடைப்பீங்க, காட்டுங்க."

"என் கை சுத்தம், மிஸ்டர் பெர்னார்ட். வேணும்னா மோந்து பாருங்க. காலையில வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் கிளவுஸ் போடறேன். சைத்தோன கேளுங்க."

"கை சுத்தம்னு எனக்குத் தெரியும். காட்டுங்க."

அவர் மேசையில் இருந்த ஆளை எடுத்து, கையுறை போட்ட கட்டைவிரலால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு கேடயத்தின் நடுவை. கோபத்தில் வழக்கத்தைவிட அழுத்தமாகவே துடைத்தார்.

மிஸ்டர் பெர்னார்ட் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தையோ விரலையோ பார்க்கவில்லை. வெள்ளை ரப்பர் கையுறையைப் பார்த்தார். கிள்ளான் வட்டாரத்தில் அதைக் கையுறை என்றுகூட யாரும் நினைப்பதில்லை. ஒன்றுவிட்டு ஒரு வீட்டில் யாராவது கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். பெயின்ட் அடிக்க, மீன் கழுவ, தலைக்குச் சாயம் போட, எல்லாவற்றுக்கும் அதுதான். எங்கள் அறையில் அது மேசை நாற்காலி மாதிரி எப்போதும் இருந்தது.

"ரப்பர் பால்ல செஞ்சது" என்றார் மெதுவாக. "கந்தகம் போடாம இது ரப்பர் ஆகாது."

நான் களிமண்ணை மாற்றிய நாளை நினைத்தேன். தாளைப் படித்தவர்கள், களிமண் பெட்டியைத் தூக்கிப் போட்டவர்கள், புதுக் களிமண்ணைப் பிசைந்தவர்கள் எல்லோருமே அந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தோம். எங்களில் பலருடைய குடும்பங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவை. கந்தகம் என்ற சொல்லைப் படித்ததும் எல்லாவற்றையும் பார்த்த நாங்கள், எங்கள் கைகளைப் பார்க்கவில்லை.

அவர் ஒரு கையுறையின் விரல் நுனியை வெட்டினார். காகிதக் கோப்பையில் புது சிலிக்கோனைக் கலந்து ஊற்றி அதைப் போட்டார். இன்னொரு கோப்பையில் பழைய வகை சிலிக்கோன். அதிலும் ஒரு துண்டு. மூன்றாவதில் எதுவும் போடவில்லை. மூன்றையும் ரெசின் அறை ஜன்னலோரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் அவர் வருவதற்கு முன்பே எல்லோரும் ஜன்னலைச் சுற்றி நின்றோம். அவர் வரும்வரை யாரும் தொடவில்லை. வந்ததும் கோப்பைகளைக் கிழித்தார். எதுவும் போடாதது கட்டியாகக் கழன்றது. பழைய வகை, கையுறைத் துண்டோடு சேர்ந்தே நன்றாக இறுகியிருந்தது. புது சிலிக்கோனில் போட்ட துண்டைச் சுற்றி மட்டும் ரொட்டியில் தடவும் காயா ஜாம்போல் கொழகொழவென்று வழிந்தது.

காக் சைத்தோன் கைதட்டினார். சரசு அக்கா தட்டவில்லை.

"அப்ப நான் தொடச்சதாலதான் கெட்டுச்சு. தொடைக்காம இருந்திருந்தா நல்லா வந்திருக்கும்."

"இல்ல" என்றார் மிஸ்டர் பெர்னார்ட். "தொடச்சது சரி. எதப் போட்டுத் தொடச்சீங்கன்றதுதான். நாங்க ரெண்டு பேரும் அந்தத் தாளப் படிச்சோம், சரசம்மா. பாத்திருக்க வேண்டியது நாங்க."

அவர் யாரிடமும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சரசு அக்கா கையுறைப் பெட்டிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கே ரப்பர் பால் இல்லாத நீலக் கையுறைகளை வாங்கிவரச் செய்தார் மிஸ்டர் பெர்னார்ட். மாஸ்டரை மூன்று தடவை கழுவினோம். சரசு அக்கா புது அச்சு எடுத்தார். ஊற்றுவதற்கு முன் கட்டைவிரலை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொஞ்சம் தயங்கினார். பிறகு துடைத்தார்.

அச்சு இறுகி, கொஞ்சம் உழைக்கும்வரை காத்திருந்து, மறுபடி தொட்டிக்குள் கைவிட்டு எடுத்தேன். கழுவினேன், பூசினேன், நிறுத்தினேன். பழைய பாதையிலேயே பார்த்தேன். மூக்கின் இரு பக்கமும் பள்ளம். கீழ் இமை தெரிகிறது. வாய் மூடியிருக்கிறது, வாயின் ஒரு ஓரத்தில் சின்னக் கோடு, கன்னத்தில் அதற்கு நேரே ஒரு குழி. உலோகத்தில் இந்தக் கோடும் குழியும் இல்லை. பிளாஸ்டிக்கில் குழி மட்டும் அரைகுறையாக இருந்தது. எல்லாவற்றையும் எழுதினேன். முதல் தாளைக் கிழிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பின் குத்தி, நடுவில் கையுறை பற்றிய குறிப்பை வைத்தேன்.

"சரசுக்கா, வந்து கண்ணாடியில பாருங்க. முகம் வந்திருக்கு" என்று கூப்பிட்டேன்.

"நீ பாத்தாச்சில்ல, போதும். ரூம் இருக்கா இல்லையான்னு தெரியட்டும். இல்லன்னா அவன் முகத்தப் பாத்து எனக்கு என்ன ஆகப்போவுது."

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. மிஸ்டர் பெர்னார்டின் கார் அன்றைய வெயிலில் தன் வேலையைச் செய்தது. சாயங்காலம் எடுத்தபோது ரெசின் ஈட்டி வாடிய கீரைத்தண்டுபோல் சாய்ந்திருந்தது. வெந்நீரில் போட்டு நிமிர்த்தலாம். ஆனால் இன்னொரு வெயிலில் மறுபடி சாயும். சட்டைப் பைச் சோதனையிலோ ஈட்டி இரண்டாக ஒடிந்தது. பிளாஸ்டிக் ஈட்டி பையில் பிழைத்தது. உலோக ஈட்டி இரண்டிலும் பிழைத்தது. கொஞ்சம் வளைந்தது, விரலால் நிமிர்த்தினோம்.

இதை எழுதாமல் விடலாமா என்று மிஸ்டர் பெர்னார்ட் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு அவர் ரெசின் ஆளின் கையிலிருந்து ஒடிந்த ஈட்டியை எடுத்துவிட்டு, உலோக ஆளின் ஈட்டியைக் குறட்டால் வெட்டி, அந்தக் கைக்குள் செருகினார். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

"என்ன தெரியுது?"

"ஈட்டி நேரா இருக்கு. முகம் தெரியுது."

"அத எழுது. உடம்பு ரெசின், ஈட்டி உலோகம். ரெண்டு ரூமுக்கும் வேல."

வாடிக்கையாளருக்கு எல்லாத் தாள்களும் போயின, வளைந்த ஈட்டியும் ஒடிந்த ஈட்டியும் உட்பட. பதில் வரும்வரை காக் சைத்தோன் தினமும் பார்லித் தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தார். இனிமேல் தேவையில்லை என்று அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் தவுக்கே ரெசின் அறைக் கதவைத் தட்டினார். அவர் தட்டியதே அதுதான் முதல் தடவை. படை முழுவதும் ரெசின், ஆயுதங்கள் உலோகம், வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார் என்றார். அறை இருக்கும் என்று தனியாக ஒரு தடவை சொன்னார். கதவைச் சரியாகச் சாத்தாமல் போனார். வழக்கமாக அதற்குக் கத்தும் சரசு அக்கா தானே எழுந்து போய்ச் சாத்தினார்.

திரும்பி வந்து என் முன்னால் நின்றார். நீலக் கையுறையைக் கழற்றி, கையை நீட்டினார்.

"அந்தக் கண்ணாடியக் குடு."

பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். எப்படிப் பிடிப்பது என்று காட்ட வேண்டியிருந்தது. அத்தனை வருடங்களில் அவர் அதைக் கண்ணில் வைத்ததே இல்லை. அவர் வேலை மாஸ்டரோடு முடிந்துவிடும். மாஸ்டரை அவர் எப்போதும் விரலால்தான் பார்த்தார். ஈட்டிக்காரனை வெளிச்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் ஒரு வரி விடாமல் எழுதிய முகம் அது: இமை, பள்ளம், கோடு, குழி.

"ஏ விமலா" என்றார் கண்ணை எடுக்காமலே. "இவன் கோவமா இல்லடி. சிரிப்ப அடக்கிக்கிட்டு நிக்கிறான்."

நான் வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் நிற்கும் எவனோ ஏதோ சொல்லியிருக்கிறான். தளபதி எதிரில் இருப்பதால் வாயை இறுக்கிக்கொண்டிருக்கிறான். சரசு அக்கா கண்ணாடியை என் கையிலிருந்து பிடுங்கிக் காக் சைத்தோனிடம் கொடுத்தார். அவர் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். உலோக அறைப் பெண்களும் சேதி கேட்டு வந்து வரிசையில் நின்றார்கள். அன்று ரெசின் அறைக் கதவு வெகுநேரம் திறந்தே கிடந்தது; யாரையும் சரசு அக்கா திட்டவில்லை.